எஸ்ட்டரிலிருந்து அமிலம்: ஓர் ஆய்வுக்கூட அனுபவம்

மூன்றாமாண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

புதன்கிழமைப் பிற்பகல்களில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தாழ்வாரத்தைக் கடந்து செல்லும் வரலாற்றுத் துறை நண்பர்கள், "யாருக்கப்பா முழங்கால் வலி?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். கேலி நியாயமானதே. அந்த நாட்களில் கூடம் முழுவதும் வலித் தைலத்தின் மணம் நிறைந்திருக்கும். மீதைல் சாலிசிலேட் என்னும் எஸ்ட்டரைக் காரத்துடன் கொதிக்கவைத்து, அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தைத் தயாரித்துத் தூய்மைப்படுத்துவது எங்கள் கரிம வேதியியல் செய்முறைகளில் ஒன்று. செய்முறைத் தாளில் அது பதினோரு வரிகள்தாம். அவற்றுள் இரண்டு வரிகள் என்னை இரண்டு வாரங்கள் அலைக்கழித்தன. அந்த இரண்டு வரிகளைப் பற்றி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். பிற துறை நண்பர்களும் இம்மலரைப் படிப்பர் ஆதலின், முதலில் பொருளைப் பற்றிச் சிறிது கூறிவிடுகிறேன்.

அமிலமும் ஆல்கஹாலும் வினைபுரிந்து, ஒரு நீர் மூலக்கூறை இழந்து இணைந்தால் கிடைப்பது எஸ்ட்டர். வாழைப்பழ மணம், அன்னாசி மணம் என்று மிட்டாய்களில் நாம் உணர்வன பெரும்பாலும் எஸ்ட்டர்களின் மணங்களே. தேங்காயெண்ணெயும் ஒருவகை எஸ்ட்டர்தான். இழந்த நீரைத் திருப்பிக் கொடுத்தால் எஸ்ட்டர் மீண்டும் அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் பிரியும். இதனை நீராற்பகுத்தல் என்கிறோம். காரத்தைக் கொண்டு செய்தால் அதற்குச் சோப்பாக்கல் என்றும் பெயர் உண்டு. சோப்புக் காய்ச்சுகிறவர் எண்ணெயைக் காரத்துடன் கொதிக்கவைப்பதும், நாங்கள் குடுவையில் செய்வதும் ஒரே வினையே. அவருக்கு உப்பு வேண்டும், எங்களுக்கு அமிலம் வேண்டும் என்பது ஒன்றே வேறுபாடு.

மீதைல் சாலிசிலேட் நமக்கு அந்நியமான பொருளன்று. நீலகிரியின் உயரமான சரிவுகளில் கால்தீரியா ஃப்ராக்ரன்டிசிமா என்னும் புதர்ச்செடி வளர்கிறது. அதன் இலையைக் கசக்கி முகர்ந்தால் வலித் தைலத்தின் மணம் வீசும். அவ்விலைகளை நீராவியில் வாலைவடித்து எடுக்கும் எண்ணெய்தான் உதகைக் கடைகளில் யூக்கலிப்டஸ் தைலத்திற்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் வின்டர்கிரீன் தைலம். அவ்வெண்ணெயில் மிகப் பெரும்பகுதி மீதைல் சாலிசிலேட்டே. 19ஆம் நூற்றாண்டில், சென்னை மாகாண அரசின் கொயினா வேதியியலராக உதகையில் பணியாற்றிய ப்ராட்டன் என்பவர், இந்த நீலகிரி எண்ணெயை ஆராய்ந்து, அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தையும், அதன் வழியே கார்பாலிக் அமிலத்தையும் பெற்றார். நாங்கள் பல்கலைக்கழகத் தேர்வுக்காகச் செய்யும் வினை நம் மலையிலேயே அக்காலத்தில் செய்யப்பட்ட ஒன்று என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே மறைக்க விரும்பவில்லை.

சாலிசிலிக் அமிலத்தின் பெயர் வில்லோ மரத்தின் இலத்தீன் பெயரான சாலிக்ஸ் என்பதிலிருந்து வந்தது. அம்மரப்பட்டையில் உள்ள சாலிசின் என்னும் பொருளிலிருந்து பிரியா என்னும் இத்தாலிய அறிஞர் 1838இல் இவ்வமிலத்தைப் பெற்றார். சில ஆண்டுகளில் கஊர் என்னும் பிரெஞ்சு வேதியியலர், வின்டர்கிரீன் எண்ணெயின் முக்கியக் கூறு இதே அமிலத்தின் மீதைல் எஸ்ட்டர் என்று கண்டார். பின்னர் ஜெர்மனியின் கோல்பே, ஃபீனாலையும் கரியமில வாயுவையும் கொண்டே இதனைத் தொகுத்தார். 1897இல் ஹாஃப்மன் இவ்வமிலத்தை அசிட்டைலேற்றம் செய்ததும், 1899 முதல் அது ஆஸ்பிரின் என்னும் பெயரில் உலகெங்கும் விற்பனையானதும் யாவரும் அறிந்ததே. இன்னொரு வேடிக்கை. எங்கள் அலமாரியில் உள்ள மீதைல் சாலிசிலேட் மலையிலிருந்து வந்ததன்று. தொழிற்சாலையில் சாலிசிலிக் அமிலத்தையும் மெத்தில் ஆல்கஹாலையும் இணைத்துச் செய்தது. அவர்கள் அமிலத்திலிருந்து எஸ்ட்டர் செய்து அனுப்புகிறார்கள். நாங்கள் அதைப் பிரித்து மீண்டும் அமிலமாக்குகிறோம்!

வினை நிகழும் விதம்

எஸ்ட்டரை நீர்த்த அமிலத்துடன் கொதிக்கவைத்தாலும் நீராற்பகுப்பு நடைபெறும். ஆனால் அது மீள்வினை. பாதி வழியில் சமநிலை அடைந்து நின்றுவிடும். காரத்தைப் பயன்படுத்தினால் அவ்வாறு நிற்பதில்லை. ஹைட்ராக்சைடு அயனி எஸ்ட்டரின் கார்போனைல் கார்பனைத் தாக்குகிறது. மீத்தாக்சி தொகுதி வெளியேறுகிறது. உண்டாகும் அமிலம் அக்கணமே காரத்தால் நடுநிலையாக்கப்பட்டுச் சாலிசிலேட் அயனி ஆகிவிடுகிறது. எதிர்மின்னூட்டம் பெற்ற அவ்வயனி ஆல்கஹாலுடன் மீண்டும் இணைய மறுக்கிறது. ஆகவே வினை ஒரே திசையில் செல்கிறது. உடையும் பிணைப்பு ஆக்சிஜனுக்கும் அசைல் தொகுதிக்கும் இடைப்பட்டது என்பதைப் பொலானியும் சாபோவும் 1934இல், 18 என்னும் நிறை எண் கொண்ட ஆக்சிஜன் உள்ள நீரைக் கொண்டு, அமைல் அசிட்டேட் என்னும் எஸ்ட்டரில் நிறுவினர்.

இங்கே காரம் வினையூக்கி அன்று, வினையில் செலவாகிறது. அதிலும் மீதைல் சாலிசிலேட்டில் ஒரு ஃபீனால் தொகுதி இருப்பதால், அதுவும் தன் பங்குக்குக் காரத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு மோல் எஸ்ட்டருக்கு இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு குறைந்தபட்சம் வேண்டும். நான் எடுத்துக்கொண்டது 5 மி.லி. எஸ்ட்டர். அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.18 ஆதலின் 5.9 கிராம். மூலக்கூறு எடை 152. ஆகவே இது 0.039 மோல். காரம் 8 கிராமை 40 மி.லி. நீரில் கரைத்துக்கொண்டேன். இது 0.2 மோல், தேவைக்கு இரண்டரை மடங்கு. வினை முழுமையடைந்தால் கிடைக்க வேண்டிய சாலிசிலிக் அமிலம், அதன் மூலக்கூறு எடை 138 ஆதலின், 5.35 கிராம். இந்த எண்ணை நினைவில் கொள்க.

ஓர் எச்சரிக்கை. மணம் இனிமையாக இருப்பதால் இப்பொருளைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. 5 மி.லி. மீதைல் சாலிசிலேட் ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான சாலிசிலேட்டைக் கொண்டது. ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்க அது போதும். ஆகவே இதனைப் பிப்பெட்டில் வாயால் உறிஞ்சி அளப்பது கூடவே கூடாது. அளவு சாடியே போதுமானது. வீட்டில் வலித் தைலப் புட்டிகளைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்று நான் அன்று மாலை அம்மாவிடம் சொன்னதும், மறுநாளே புட்டி அரிசிப்பானைக்கு மேலுள்ள பலகைக்கு ஏறிவிட்டதும் தனிக்கதை.

முதல் வாரம்

உருண்டைக் குடுவையில் எஸ்ட்டரை ஊற்றிக் காரக் கரைசலைச் சேர்த்தவுடன் வெண்ணிறத் திண்மம் ஒன்று கட்டிக்கொண்டது. "ஆகா, அமிலம் வந்துவிட்டது" என்று என் மேசைத் தோழன் கூவினான். அது அமிலம் அன்று. காரம் நிறைந்த கரைசலில் அமிலம் திண்மமாக எப்படி இருக்க முடியும்? எஸ்ட்டரின் ஃபீனால் தொகுதி மட்டும் காரத்துடன் சேர்ந்து உண்டான சோடியம் உப்பு அது. எஸ்ட்டர் பிணைப்பு இன்னும் உடையவே இல்லை. இதுவரை எனக்குத் தெரிந்திருந்தது. தோழனுக்குப் பெருமிதத்துடன் விளக்கியும் விட்டேன்.

பீங்கான் துண்டுகள் இரண்டைப் போட்டுக் குளிர்விப்பானைச் செங்குத்தாகப் பொருத்திக் கம்பி வலையின்மேல் வைத்துக் கொதிக்கவைத்தேன். பீங்கான் துண்டுகளைக் குளிர்ந்த நிலையிலேயே போட வேண்டும். காரக் கரைசல் குதித்துக் கொதிக்கும் இயல்புடையது. கொதிக்கும்போது துண்டைப் போட்டால் பொங்கி வெளியே வரும். சில நிமிடங்களில் வெண்ணிறத் திண்மம் கரைந்து, கரைசல் தெளிந்தது. செய்முறைத் தாள், "தெளிந்த கரைசல் கிடைக்கும்வரை மீள்கொதிப்புச் செய்க" என்கிறது. என்னை அலைக்கழித்த முதல் வரி இதுவே. பத்தாம் நிமிடத்தில் தெளிந்துவிட்டது. மேல்நிலைத் தொட்டியில் நீர் தீரும் நேரம் வேறு; குளிர்விப்பானில் நீரோட்டம் நூலாக இளைத்துக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்துவிட்டேன்.

குளிர்ந்த கரைசலை முகவையில் ஊற்றி, நீரில் அமர்த்தி, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சம அளவு நீரில் கலந்து, ப்யூரெட்டிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்த்தேன். 20 மி.லி. வரை ஒன்றும் தோன்றவில்லை. அதன்பின் கரைசல் பால்போலக் கலங்கியது. மகிழ்ந்தேன். 27 மி.லி. ஆனபோது நீல லிட்மஸ் தாள் சிவந்தது. செய்முறைத் தாளின் இரண்டாவது வரி, "கரைசல் லிட்மஸுக்கு அமிலத்தன்மை காட்டும்வரை அமிலம் சேர்க்க" என்பது. நிறுத்திவிட்டேன். புக்னர் புனலில் உறிஞ்சி வடிகட்டினேன். வடிதாளின்மேல் இருந்தது, ஈரத்துடன் நிறுத்தால்கூட ஒரு கிராம் தேறாது. வர வேண்டியதோ 5.35 கிராம்.

ஃபெரிக் குளோரைடு ஒரு துளி விட்டுப் பார்த்தேன். அழகான ஊதா நிறம். "சோதனை சரியாக இருக்கிறது, அளவுதான் குறைவு" என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன். அடுத்த மேசையில் ஒரு நண்பர் 5.9 கிராம் எடுத்திருந்தார். கொள்கையளவைவிட அதிகம்! உலர்த்தாமல் நிறுத்தால் நீருக்கும் மதிப்பெண் கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை. "என்னிடம் நிறைய இருக்கிறது, பாதி எடுத்துக்கொள், இரண்டு பேருக்கும் நல்லது" என்றார். உண்மையைச் சொல்கிறேன்: கடிகாரக் கண்ணாடியை நீட்டிவிட்டேன்.

அவர் கரண்டியில் அள்ளும்போதுதான் பேராசிரியர் வந்தார். நடந்ததைக் கண்டும் காணாதவர்போல் என் வடிதாளை எடுத்து முகர்ந்தார்.

"என்னப்பா, இன்னும் தைலம் மணக்கிறதே?"

"ஃபெரிக் குளோரைடு சோதனை சரியாக வந்தது, சார்."

"எஸ்ட்டரிலேயே ஒரு துளி எடுத்துச் செய்து பாரேன்."

செய்தேன். அதே ஊதா நிறம். இச்சோதனை ஃபீனால் தொகுதிக்கானது. எஸ்ட்டரிலும் அத்தொகுதி உண்டு, அமிலத்திலும் உண்டு. நீராற்பகுப்பு நடந்ததா இல்லையா என்பதைப் பற்றி இச்சோதனை ஒன்றும் சொல்லாது. மூன்றாண்டுகளாகப் பாடமாகப் படித்ததுதான். ஆனால் கையில் சோதனைக் குழாயுடன் நின்றபோது தோன்றவில்லை.

"லிட்மஸ் சிவப்பதற்கு முன்பே கலங்கியதா?" என்றார்.

"ஆமாம், சார். அமிலம் வரத் தொடங்கியது என்று நினைத்தேன்."

"வடிநீரைக் கொட்டிவிட்டாயா?"

நல்லவேளை, கொட்டவில்லை. கழுவு தொட்டியில் என் முறை வரவில்லை, அவ்வளவுதான். "அதில்தான் உன் அமிலம் இருக்கிறது. மறுபடி ப்யூரெட்டைப் பிடி" என்றார்.

27 மி.லி.க்குப் பின் ஒவ்வொரு மி.லி.க்கும் முகவையில் வெண்படிவு திரண்டது. 36 மி.லி. ஆனபோது கண்ணாடிக் கம்பியைச் சுழற்றவே கடினமாக இருந்தது. சற்றுமுன் தெளிந்த நீராக, கழுவு தொட்டிக்குப் போகவிருந்தது அது!

லிட்மஸ் சொல்லாதது

அன்றிரவு விடுதியில் அமர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கணக்கே.

சாலிசிலிக் அமிலம் கரிம அமிலங்களுள் வலிமை மிக்கது. அதன் பி.கே.ஏ. மதிப்பு ஏறத்தாழ 3. இதன் பொருள் யாதெனில், கரைசலின் பி.எச். 3 ஆகும்போதுதான் சாலிசிலேட்டில் சரிபாதி அமிலமாகும். லிட்மஸ் முழுமையாகச் சிவப்பது 4.5 அளவில். அந்த நிலையில் நூற்றுக்கு மூன்று பங்கே அமிலமாகி இருக்கும். மற்ற 97 பங்கும் நீரில் நன்கு கரையும் அயனியாகவே இருக்கும். பி.எச். 2 ஆனால் 91 பங்கு, 1 ஆனால் 99 பங்கு அமிலமாகிவிடும். ஆகவே "லிட்மஸ் சிவக்கும்வரை" என்னும் சொல்லை எழுத்துப்படி பின்பற்றுகிறவன், வினை முழுமையாக நடந்திருந்தாலும், தன் அமிலத்தில் ஏறக்குறைய முழுவதையும் வடிநீருடன் வெளியே விட்டுவிடுவான். பி.எச். தாளில் 1க்கும் 2க்கும் இடையே காட்டும்வரை சேர்க்க வேண்டும். பி.எச். தாள் இல்லாவிடில் காங்கோ சிவப்புத் தாள் உதவும். அது 3க்குக் கீழேதான் தெளிவாக நீலமாகும்.

ப்யூரெட் அளவுகளும் இதற்கு ஒத்துவந்தன. நான் எடுத்த காரம் 0.2 மோல். என் அமிலம் ஏறத்தாழ 6 நார்மல். மிகுதியாக இருந்த காரத்தை நடுநிலையாக்க முதல் 20 மி.லி. செலவாயிற்று. ஃபீனாக்சைடு தொகுதிக்கு அடுத்த ஆறேழு மி.லி. லிட்மஸ் சிவந்தது இங்கே. கார்பாக்சிலேட் தொகுதி ஹைட்ரஜனைப் பெற வேண்டியது அதற்கும் அப்பால் உள்ள ஆறேழு மி.லி.யில்தான். அதைத்தான் நான் சேர்க்கவில்லை.

அப்படியானால் லிட்மஸ் சிவப்பதற்கு முன்பே கலங்கியது எது? வினைபுரியாத எஸ்ட்டர். மீதைல் சாலிசிலேட்டின் ஃபீனால் தொகுதி மிக வலுக்குறைந்த அமிலம், பி.எச். 10ஐ ஒட்டியே அது தன் ஹைட்ரஜனைத் திரும்பப் பெற்றுவிடும். உப்பாகக் கரைந்திருந்த எஸ்ட்டர் மீண்டும் எண்ணெயாகி, நுண்துளிகளாகப் பிரிந்து, பால்போலத் தோன்றியது. நான் அமிலத்தின் வருகை என்று மகிழ்ந்தது, வினை முடியவில்லை என்பதற்கான அறிவிப்பு. சூட்டில் தெளிந்த கரைசலும் என்னை ஏமாற்றியது. தொடக்கத்தில் கட்டிக்கொண்ட வெண்ணிற உப்பு, கொதிக்கும் நீரில் நீராற்பகுப்பு அடையாமலேயே ஓரளவு கரையக்கூடியது. தெளிவு என்பது கரைந்ததற்குச் சான்று. வினை முடிந்ததற்குச் சான்று அன்று. அரைமணி நேரம் கொதிக்கவிட்டிருந்தால் இத்தொல்லை இல்லை. சிறிதளவைச் சோதனைக் குழாயில் எடுத்துக் குளிர்வித்து, மெல்ல அமிலம் சேர்த்து, இன்னும் காரநிலையில் இருக்கும்போதே எண்ணெய்க் கலங்கல் வருகிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

தூய்மைப்படுத்தல்

காற்றில் உலர்ந்த கச்சாப் பொருள் மறுவாரம் 4.6 கிராம் இருந்தது. வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் மூடியைத் திறந்தால் தைல மணம். உருகுநிலை பார்த்தேன். 144 டிகிரியில் நுண்குழாய்க்குள் ஈரம் பட்டதுபோலச் சுருங்கி, 152இல் முற்றிலும் உருகியது. தூய சாலிசிலிக் அமிலம் 158–159 டிகிரியில் உருகும் என்பது நூல்களில் உள்ளது. பதிவேட்டில் 158 என்று எழுதிவிடுவது எளிது. வகுப்பில் பாதிப் பதிவேடுகளில் உருகுநிலை அச்சடித்தாற்போல் ஒன்றாகவே இருக்கும். நான் 144–152 என்று எழுதி, அதன் கீழே "கச்சாப் பொருள்" என்று குறித்தேன். முந்திய வாரம் கடிகாரக் கண்ணாடியை நீட்டியதன் வெட்கம் இன்னும் போகவில்லை என்பதும் ஒரு காரணம்.

மாசுகள் எல்லாமே உருகுநிலையைக் குறைப்பதில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். கழுவாமல் விட்ட சோடியம் குளோரைடு உருகிய அமிலத்தில் கரையாது; ஆதலால் அது உருகுநிலையை அவ்வளவாகப் பாதிப்பதில்லை, உருகியபின் குழாயில் வெண்துகளாக நின்றுவிடும். அமிலத்தில் கரையக்கூடிய எஸ்ட்டரும் ஈரமுமே உருகுநிலையை இழுத்துவிடுபவை.

"எஸ்ட்டரை எப்படி நீக்குவாய்?" என்று பேராசிரியர் கேட்டார். மறுபடிகமாக்கல் என்றேன். அது ஓரளவு உதவும். எஸ்ட்டர் நீராவியுடன் ஆவியாகக் கூடியது என்பதால் கொதிக்கும்போது கொஞ்சம் போய்விடும். ஆனால் அமிலத்திற்கும் எஸ்ட்டருக்கும் வேதியியல் முறையில் ஒரு வேறுபாடு உள்ளதே, அதை ஏன் பயன்படுத்தவில்லை என்றார். அப்போதுதான் சோடியம் பைகார்பனேட் நினைவுக்கு வந்தது. அமிலம் அதில் நுரைத்துக் கரையும். எஸ்ட்டரின் ஃபீனால் தொகுதிக்குப் பைகார்பனேட்டை அசைக்கும் வலிமை இல்லை, எண்ணெயாகவே நிற்கும்.

4 கிராம் பைகார்பனேட்டை 100 மி.லி. நீரில் கரைத்து, பெரிய முகவையில், கச்சாப் பொருளைச் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். கரியமில வாயு நுரைத்துப் பொங்கும் என்பதால் பெரிய முகவை அவசியம். அமிலம் கரைந்தது. மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் மின்னியது. பிரிபுனலில் சிறிது ஈதருடன் குலுக்கி, ஈதர் அடுக்கை நீக்கினேன். (ஈதரைத் திறக்குமுன் எங்கள் வரிசை விளக்குகள் அனைத்தையும் ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன் அணைக்கச் செய்தார். அவர் இதில் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.) நீர் அடுக்கை மீண்டும் பி.எச். 1 வரை அமிலமாக்கியபோது விழுந்த படிவில் தைல மணம் இல்லை. வடிகட்டிக் குளிர்ந்த நீரால் கழுவினேன்.

இனி மறுபடிகமாக்கல். எவ்வளவு நீர் என்பதே கேள்வி. சாலிசிலிக் அமிலம் 100 மி.லி. நீரில் 25 டிகிரியில் கால் கிராம் அளவே கரையும். 75 டிகிரியில் 1.7 கிராம், 100 டிகிரியில் ஏறத்தாழ 7.8 கிராம். கொதிநிலையை நெருங்கும்போதுதான் கரைதிறன் தாவி ஏறுகிறது என்பதைக் கவனிக்கவும். சூடான நீர் போதாது, கொதிக்கும் நீரே வேண்டும். என்னிடம் இருந்ததற்கு 100 மி.லி. போதுமானது. குளிர்ந்தபின் அதில் தங்கி வீணாவது கால் கிராம். பக்கத்து மேசை நண்பர் நன்றாகக் கொதிக்கும்வரை பொறுக்காமல், கரையவில்லை கரையவில்லை என்று நீரைச் சேர்த்துக்கொண்டே போய் அரை லிட்டர் ஆக்கிவிட்டார். அவருக்கு வீணானது ஒன்றேகால் கிராம்.

கொதிக்கும் கரைசலை, முன்னரே சூடாக்கிய புனலில் மடிப்பு வடிதாள் வழியே வடிகட்டினேன். புனல் குளிர்ந்திருந்தால் அதன் காம்பிலேயே படிகம் அடைத்துக்கொள்ளும். பிறகு முகவையைக் கடிகாரக் கண்ணாடியால் மூடி மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். குழாயடியில் வைத்து அவசரமாகக் குளிர்விப்பவர்களுக்குக் கிடைப்பது மாவு. அது தாய்நீரைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும். மாசும் உடன் வரும். மெல்லக் குளிர்ந்தால் முதலில் ஓர் ஊசி தோன்றும். அதைப் பிடித்துக்கொண்டு பத்து ஊசிகள். கால்மணி நேரத்தில் முகவையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை வெள்ளிக் கம்பிகள்போல் ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாக நின்றன. ஆய்வுக்கூடத்தில் நான் கண்ட காட்சிகளுள் இதற்கு இணையாக எதையும் சொல்ல மாட்டேன்.

உலர்த்துவதில் ஒரு சொல். இவ்வமிலம் பதங்கமாகும் இயல்புடையது. சூட்டடுப்பில் அதிக வெப்பத்தில் வைத்தால் பொருள் குறைந்துகொண்டே போகும். மேல் மூடியில் நுண் ஊசிகளாகப் படிந்திருப்பதைக் காணலாம். வடிதாள்களுக்கிடையே அழுத்தி, காற்றில் ஓர் இரவு விட்டுவிடுவதே நன்று.

மறுநாள் நிறுத்தபோது 3.7 கிராம். நூற்றுக்கு 69 பங்கு. தைல் குழாயில் திரவப் பாரஃபினை இட்டு, 145 டிகிரிக்குப் பின் நிமிடத்திற்கு இரண்டு டிகிரிக்கு மேல் ஏறாமல் சூடேற்றினேன். 157இல் முதல் துளி. 159இல் முழுத் தெளிவு. சிறிதளவைப் பைகார்பனேட் கரைசலில் இட்டேன்; நுரைத்துக் கரைந்தது, எண்ணெய் இல்லை. ஃபெரிக் குளோரைடும் இட்டுப் பார்த்தேன். ஊதா நிறம் வந்தது. இம்முறை அதற்கு நான் மகிழவில்லை.

பதிவேட்டில் இரு வாரங்களின் அளவுகளையும், 27 மி.லி.யில் நிறுத்தியதையும் உள்ளபடி எழுதிக் கையொப்பத்திற்கு நீட்டினேன். பேராசிரியர் படித்துவிட்டு, செய்முறைத் தாளின் படி ஒன்றைக் கேட்டு வாங்கி, "லிட்மஸுக்கு அமிலத்தன்மை காட்டும்வரை" என்பதை அடித்துவிட்டு, "பி.எச். 1 முதல் 2 வரை, வடிநீரைக் கொட்டுமுன் ஒரு துளி அமிலம் சேர்த்துப் பார்க்க" என்று பக்கத்தில் எழுதினார். அடுத்த ஆண்டு மாணவர்களுக்குத் தட்டச்சாகப் போவது அந்தப் படிதான். என் ஊசிகள் இருந்த புட்டியை அசிட்டைலேற்றம் செய்வதற்காகப் பக்கத்துப் பிரிவினர் வாங்கிச் சென்றுவிட்டனர். இந்த வாரம் ஆய்வுக்கூடத்தில் வினிகர் வாடை வீசுகிறது. வரலாற்றுத் துறை நண்பர்கள், "ஊறுகாயா?" என்று கேட்கிறார்கள்.